தலைக்கழலலும் ஆப்பியலும்: ஓர் அறிமுக ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஆணி சுவரில் நிற்க, பிடி கையில் நிற்க, சுத்தியலின் தலை மட்டும் ஜன்னல் வழியே புறப்பட்டுவிடும் நிகழ்வை இக்கட்டுரை ‘தலைக்கழலல்’ எனக் குறிக்கிறது. அது நிகழ்ந்த மறுகணமே வீட்டார் அனைவரும் ஆய்வாளராகிவிடுகின்றனர். ஆகவே இத்துறையில் கருத்துக்குப் பஞ்சமில்லை. இறுகிய சுத்தியலுக்குத்தான் பஞ்சம்.

முன்னோர் முயற்சி

ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட ஏட்சி என்னும் ஆதிமனிதரின் அருகே ஒரு செப்புக் கோடாரியும் கிடந்தது. யூ மரக் காம்பு. பிர்ச் பட்டைத் தார் பூசித் தோல்வாரால் இறுக்கிய கட்டு. உரியவர் அம்பு தைத்து மாண்டு 5000 ஆண்டுகளுக்கு மேலாகியும் கோடாரி தலையும் காம்புமாகவே இருந்தது. நாம் பொங்கலுக்குப் போட்ட பிடியோ பங்குனி வெயிலைத் தாண்டுவதில்லை.

அமெரிக்காவின் நார்விச் ஊர்க் கொல்லர் டேவிட் மேடோல், 1840-களில் சுத்தியல் துளைக்குக் கீழே ஒரு கழுத்தும் வைத்து, பிடியை இரும்பு அதிக நீளத்துக்குக் கவ்வும்படி செய்தார். தலைக்கழலல் நம் குலத்துக்கு மட்டும் வாய்த்த சாபமன்று என்பதற்கு இது போதிய சான்று.

மூன்று மரபுகள்

துணி மரபினர் பழைய பனியனையோ சைக்கிள் டியூப்பையோ பிடியில் சுற்றித் திணிப்பர். ஓங்கி நாலு அடி அடித்ததும் துணி நசுங்கும். தலை மறுபடி ஆடும்.

ஊறல் மரபினர் சுத்தியலை இரவெல்லாம் வாளித் தண்ணீரில் போடுவர். மரம் குறுக்குவாட்டில் நன்றாக ஊதும். நீளவாட்டில் அநேகமாக ஊதாது. எனவே காலையில் தலை கச்சிதமாக நிற்கும். ஆனால் ஊத இடமின்றி இரும்புக்குள் நெருக்குண்ட மரம் தன்னையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் முன்னைவிடச் சிறுக்கிறது. இம்மரபினர் இன்று வெல்வர், அடுத்த வாரம் தோற்பர்.

ஆணி மரபினர் பிடியின் உச்சியில் இரண்டு ஆணி இறக்குவர். மரம் கண்ட இடத்தில் வெடிக்கும். சுத்தியலே இல்லாத வேளையில் அந்த ஆணிகளை எதனால் அடித்தனர் என்று அவர்கள் விளக்குவதில்லை. அம்மிக் குழவி காணாமற்போனது மட்டும் பதிவாகியுள்ளது.

ஆப்பியல்

நல்ல சுத்தியலின் துளை உடுக்கைபோல் நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிந்திருக்கும். மூன்று மரபினரும் கவனியாதது இதைத்தான். ரேகை நேராக ஓடும், நன்கு காய்ந்த கருவேலம் அல்லது புளியங்கட்டையை அரத்தால் தேய்த்து, துளைக்குள் இறுக்கமாக நுழையும்படி செய்ய வேண்டும். அதற்குமுன் உச்சியில், துளையின் நீளப்போக்கிலேயே, அதன் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ரம்பத்தால் ஒரு பிளவு இட வேண்டும். தலை ஏறியபின் பிளவில் மர ஆப்பை இறக்கினால், உச்சி விரிந்து இடுப்புக்கு மேல் பூட்டிக்கொள்ளும். வெளியே எதைச் சுற்றினாலும் நில்லாத தலை, உள்ளே பிளந்தால் நிற்கிறது.

தலைகீழ்ச் சோதனை

தலையை ஏற்றும் முறை அறிவுலகில் பெருங்கலகம் விளைவிப்பது. தலை கீழே தொங்கும்படி பிடியைக் கையில் தூக்கிக்கொண்டு, மேலே இருக்கும் பிடி முனையைக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். தலை கீழே விழும் என்று பார்வையாளர் காலை இழுத்துக்கொள்வர். தலையோ அடிக்கு அடி மேலே ஏறும். காரணம் நியூட்டன் 1687-இல் அச்சேற்றிய முதல் விதி: பிடி கீழே பாய்கிறது, கனத்த இரும்பு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. விதியை நம்பாதோர் செருப்பு அணிந்து சோதிக்கலாம்.

முடிவு

அரசியலில் ஆப்பு வைப்பவர் அது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வார். தச்சில் அது தெரிந்தே ஆக வேண்டும். யாருடைய சுத்தியலாயினும் ஓங்குமுன் உச்சியைப் பாருங்கள். பிளவை ஆப்பு நிறைத்திருந்தால் அடிக்கலாம். ஆப்பு எழும்பியிருந்தால் முதல் அடி அதற்கே.