பல்லாங்குழித் தாயபாகம்

வீடு, நிலம், நகை ஆகியவற்றின் வாரிசுரிமை குறித்துச் சாஸ்திரங்களும் சர்க்கார்களும் ஏடு ஏடாக எழுதிக் குவித்திருக்க, பாட்டி ஆடிய பல்லாங்குழிப் பலகை அவளுக்குப்பின் யாரைச் சேரும் என்ற பிரசினத்தை ஒருவரும் உரியபடி ஆராயாதது அறிவுலகத்தின் பெருங்குறை. அதைத் தீர்க்கப் புதுச்சேரியினும் சிறந்த க்ஷேத்திரம் இல்லை. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் பிறந்த ஆணையால், இவ்வூரார் தத்தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை மேற்கொள்ளலாம் என்றாகி, ரெனோன்சான் எனப்பட்ட துறந்தாரும் துறவாதாருமாக இருவகைக் குடும்பங்கள் ஒரே ஊரில் வாழலாயின. (துறந்தார் என்றதும் காவியை நினைக்கவேண்டாம், துறந்தது சட்டத்தை, சோழியை அன்று.)

துறந்தார் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. பலகையிலோ வரிசைக்கு 7 வீதம் 14 குழிகள். பிள்ளைகள் இருவரானால் ஆளுக்கொரு வரிசை. நால்வரானால் ரம்பத்தைத் தேடவேண்டும். குழிக்கு ஐந்தாக நிரப்பும் 70 சோழிகளைப் பங்கிட்டாலும் தலைக்குப் பதினேழரை வரும். அரைச் சோழியைக் கொண்டு எந்தக் குழியை நிரப்புவது? துறவாதார் வீட்டிலோ, பலகை சீர்வரிசையோடு வந்தது, ஆதலால் ஸ்திரீதனம், ஆதலால் மகளுக்கே என்று வாதிக்கலாம்; மகள்கள் மூவராயின் அவ்வாதமும் நொண்டும்.

உண்மையில் பலகை சட்டத்தின் வழியே இறங்குவதில்லை. கண்ணின் வழியே இறங்குகிறது. ஒரு குழியை அள்ளிக் குழிக்கொன்றாக இட்டு, கை ஒழிந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்ந்து, அது வெறுங்குழியாயின் தடவிவிட்டு அதற்கப்பாலுள்ளதைக் கைப்பற்றி, நடுவே தன் குழியில் நான்கு சேர்ந்தால் பசுவென்று எடுத்துக்கொள்ளும் இவ்வாட்டத்தில், எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதை வெற்றிலை மடிக்கும் பாவனையில் முன்கூட்டியே கணக்கிட்டுவிடுவது ஆயாக்கள் எனப்படும் பாட்டிமாரின் பரம ரகசியம். “வெரலால எண்ணாதடி, கண்ணால எண்ணு” என்று ஆயா எந்தப் பேத்தியின் காதில் ஓதுகிறாளோ, அவளே வாரிசு. விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து வரும் பேரன் பிரெஞ்சில் எண்ணினாலும் ஆட்சேபமில்லை. விரலால் எண்ணினால் உரிமை போயிற்று. இந்த உயிலுக்குச் சாட்சிக் கையொப்பம் வேண்டியதில்லை. பத்திரம் பதியும் எந்த நொத்தேரும் இதைப் பதிந்ததாகத் தெரியவில்லை.

தொலைந்த சோழிகளுக்கு ஈடாகப் புளியங்கொட்டை கலந்த பலகை அதே பிதிரார்ஜிதந்தானா என்னும் நுட்பமான விவகாரம் எஞ்சுகிறது. இதுபற்றி எங்கள் தெரு ஆயா ஒருவரைக் கேட்டபோது, புளியங்கொட்டை எதிராளியின் பக்கம் இருக்கும்வரை தமக்கு அபிப்பிராயபேதம் இல்லை என்றார்.