கச்சான் காற்றும் கிளினிக் நாளும்

கற்பிட்டியில் பழைய ஆட்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் 'அந்தக் காலத்தில்' என்ற இடத்துக்கு வந்து சேரும். அந்தக் காலத்தில் ஒருவருக்கு நடக்க முடியாமற் போனால் ஊரே தூக்கியதாம். யாரையும் கூப்பிடத் தேவையில்லையாம். சின்ன வயதில் நானும் கொஞ்சம் பார்த்தவன். அதனால் இதை முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தத் தூக்கல் ஒருவருடைய ஆயுளில் ஒரு தடவைதான் நடந்தது. பெரும்பாலும் அதுவே கடைசித் தடவையும்கூட.

உம்மாவின் வாப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டது அறுபதுகளின் கடைசியில். பஸ் இல்லாத காலம் இல்லை அது. 1958இல் அரசாங்கம் பஸ்களைக் கையிலெடுத்து இ.போ.ச.வை உண்டாக்கிவிட்டது, புத்தளம் போக எங்கள் பாதையிலும் பஸ் ஓடியது. ஆனால் படுத்துக் கிடக்கிற மனுசனை எப்படி ஏற்றுவது? படியே தொடை உயரம். ஆகவே களப்பு வழி என்று முடிவானது. கச்சான் காற்று எழும்பியிருந்த நாட்கள் என்பதால் தோணிக்காரர் கையை விரித்துவிட்டார். விழுந்த அன்றும் மறுநாளும் மனுசன் முனகிக்கொண்டே கிடந்தார். காற்று தணிந்த பிறகு கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் வைத்து, துறைக்குக் கொண்டுபோய்த் தோணியில் ஏற்றினார்கள். புத்தளம் களப்பு பார்வைக்குப் பெரிது, ஆழம் கிடையாது. அக்கரையில் தோணி சேற்றில் தட்டி நின்றுவிட, ஆறேழு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குதித்தார்கள். கட்டிலைத் தலைக்கு மேலே பிடித்தபடி கரைவரை நடந்தார்கள். கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் குரலை உயர்த்துவார்கள். காற்றுக்காகக் காத்துக் கிடந்த நாட்கள் கதையில் வராது.

மனுசன் திரும்பி வந்தார். ஆனால் படுத்தபடியேதான். அதற்குப் பிறகு அவரை யாரும் எங்கேயும் வரச்சொல்லவில்லை. அவரிடம் கிளினிக் கொப்பி இல்லை, அடுத்த தவணைத் திகதி இல்லை. பரியாரியார் எண்ணெய்ப் போத்தலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிரஷர் இருந்ததா, சீனி இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் அதற்காகப் பயணமும் இல்லை. கொஞ்சக் காலத்தில் மவுத்தாகிவிட்டார். ஊர் மறுபடியும் ஒரு தடவை தூக்கியது.

இப்போது உம்மாவின் கதை. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. ஆனால் உயிரோடும் வாயோடும் இருக்கிறார். மருத்துவம் முன்னேறியதன் பலன் அது, மறுக்கக்கூடாது. அந்தப் பலனுக்கு ஒரு கொப்பி உண்டு. மாதாமாதம் மருந்து, இடையில் இரத்தப் பரிசோதனை, கைகாலுக்குப் பயிற்சி, கண்ணுக்கு இன்னொரு நாள். எல்லாக் கிளினிக்கும் ஊரில் இல்லை. சிலதுக்குப் புத்தளம் போக வேண்டும், 40 கிலோமீற்றருக்கு மேல். அரசாங்க ஆஸ்பத்திரியில் 1951 முதல் மருத்துவம் இலவசம். அங்கே போய்ச் சேருவது ஒருநாளும் இலவசமாக இருந்ததில்லை.

நாற்பது கிலோமீற்றரைச் சொல்கிறேன், உண்மையான பயணம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. வீட்டுப் படியிலிருந்து றோட்டு வரைக்கும். கற்பிட்டி மண் என்றால் மணல். தென்னையும் வெங்காயமும் அதில் நன்றாக வரும், வீல்செயார் வராது. முன் சில்லு இரண்டும் சின்னது. மணலைக் கண்டதும் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். ஆகவே இரண்டு பலகை வைத்திருக்கிறோம். ஒரு பலகையில் வீல்செயார் நிற்கும்போது மற்றதை முன்னால் போடுவது, அதில் ஏற்றிவிட்டுப் பின் பலகையை இழுத்து மறுபடி முன்னால் போடுவது. கரையில் வள்ளம் இறக்குகிற வேலைதான், ஏலேலோ பாட மட்டும் ஆளில்லை. மழை பெய்த மறுநாள் மணல் இறுகிக் கிடந்தால் உம்மாவுக்குச் சந்தோசம்.

பிறகு த்ரீவீல். அதில் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு, யாரும் சொல்லித் தருவதில்லை. முதலில் முதுகுப்புறமாக உட்கார வைக்க வேண்டும். அப்போது தலை கூரைக் கம்பியில் இடிக்காமல் ஒருவர் கையை வைத்துப் பிடிக்க வேண்டும். பிறகு நல்ல காலை முதலில் உள்ளே வைத்து, இழுத்த காலை இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டும். டிரைவரின் சீற்றுக்குப் பின்னாலுள்ள கம்பி முழங்காலில் அடிக்காமல் மறுபக்கத்திலிருந்து இன்னொருவர் இடுப்பை இழுக்க வேண்டும். இதற்குள் வீல்செயாரை மடித்துப் பின்சீற்றுக்குப் பின்னால் செருகினால் கதை முடிந்தது. செருக முடியாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதைக் கயிற்றால் கட்டுவோம். றோட்டில் உள்ள வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் உம்மா ஒரு துஆ வைத்திருக்கிறார். டிரைவருக்கு வேறொன்று வைத்திருக்கிறார்.

2022ஐ யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச் வரைக்கும் 177 ரூபாய்க்கு விற்ற பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ஆனது. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் வந்தது. ஆரம்பத்தில் த்ரீவீலுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். ஒரு லீற்றரில் 25 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள். புத்தளம் போய்த் திரும்பினால் மூன்றரை லீற்றர் காலி. ஒரு கிளினிக்குக்கு ஒருவருடைய கிழமைச் சாப்பாட்டையே கேட்கிற மாதிரி. அப்போது கேட்கக் கூச்சமாக இருந்தது. மறுக்க த்ரீவீல்காரருக்கும் கூச்சம். ஒருவரையொருவர் றோட்டில் கண்டால் பார்க்காதமாதிரிப் போனோம். களப்புத் தோணி இன்னும் இருந்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார். சில வாரத்தில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் 340 ஆனது, எஞ்சின் போட்டுகளும் கரையில் ஏறின.

வேன்தான் வசதி. ஹயஸ் என்றால் வீல்செயாரோடு ஏற்றலாம், உம்மா சாய்ந்தும் படுக்கலாம். வேன்களுக்கு ஊரில் குறைவில்லை. கூரைமேல் கம்பிச் சட்டம் வைத்து, நீளப் பலகை எதையும் ஆடாமல் அசையாமல் கட்டத் தெரிந்த டிரைவர்கள் இருக்கிறார்கள். ஏனென்றால் மே மாதம் கச்சான் எழும்பினால் கந்தக்குழிப் பக்கம் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். ஒக்டோபர் வரைக்கும் அந்தக் காற்றுக்குப் பஞ்சமில்லை, வேனுக்குப் பஞ்சம். வாடை வந்து கடல் படிந்தால் டொல்பின் பார்க்கிறவர்கள். வாப்பாவின் இடுப்பைக் காத்திருக்க வைத்த அதே காற்று மகளின் கிளினிக்கையும் காத்திருக்க வைக்கிறது. அன்றைக்குக் காற்று பலமாக இருந்ததால் ஓடம் போகவில்லை. இன்றைக்குக் காற்று நல்லது என்பதால் வாகனம் வரவில்லை. எங்கள் குடும்பத்துக்கும் கச்சானுக்கும் ஏதோ பழைய கணக்கு.

'1990க்கு அடியுங்களேன்' என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் அருமையான சேவை. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018க்குப் பின் நாடு முழுவதும் வந்தது, காசு இல்லை. ஆனால் அது அவசரத்துக்கு. மாதாந்தக் கிளினிக்குக்கு அது வரக்கூடாது, வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு வண்டி இருக்காது. போன் எடுப்பவர் நோயாளிக்கு மூச்சு இருக்கிறதா, நினைவு இருக்கிறதா என்று கேட்பார். இரண்டும் நிறைய இருக்கிறது என்றுதான் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த இலக்கம் எங்கள் பக்கத்தில் வேறொன்றையும் கிளப்பிவிடும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளம் வள்ளமாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். நடக்க முடியாத கிழடுகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர்களும் இருந்தார்கள். அந்த நாட்களில் ஊர் அசந்து நிற்கவில்லை. மாட்டு வண்டி, லொறி, டிராக்டர், சோற்றுப் பானை எல்லாம் கரைக்குப் போயின. பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆட்களைப் படுக்க வைத்தார்கள். நானும் ஓடித் திரிந்தேன்; பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஓலைக் குடிசைகளில் வருசக்கணக்காக இருந்தார்கள். அங்கே இருந்த கிழடுகளுக்கும் மாதாமாதம் மருந்து எடுக்க வேண்டியிருந்திருக்கும். அதற்கு எந்த டிராக்டரும் போனதாக எனக்கு நினைவில்லை. நாங்கள் கெட்டவர்களாகிவிட்டோம் என்பதல்ல. சம்பவம் என்றால் எங்களுக்குக் கை நீளும். திகதி என்றால் நீளாது. நாற்பது பேர் ஒரு நாள் தூக்குவார்கள். ஒருவர் நாற்பது மாதம் தூக்கமாட்டார். அம்பியுலன்ஸும் எங்களைப்போலத்தான், சம்பவத்துக்கு ஓடிவருகிறது.

ஒரே ஒரு தடவை மட்டும் எல்லாம் தலைகீழாக நடந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு போட்டபோது கிளினிக் மருந்துகளைத் தபால்காரர் மூலம் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். நாட்டில் ஒருவரும் நகர முடியாத நாளில்தான், எப்போதுமே நகர முடியாதவர்களுக்கு மருந்து வீடு தேடிப் போனது. ஊரடங்கு எடுத்தார்கள், எல்லாரும் நடமாடத் தொடங்கினார்கள், உம்மாவும் பழையபடி பலகையில் ஏறினார்.

சட்டம் இல்லாமலில்லை. 1996இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போக வசதி வேண்டும் என்று 2006இல் விதிகள் வந்தன. தானே வீல்செயாரில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போய் 2011இல் அதற்கு உத்தரவும் வாங்கினார். அவருடைய புண்ணியத்தில் பல கட்டடங்களில் சாய்தளம் இருக்கிறது. அது கட்டட வாசலில் தொடங்குகிறது. நாங்கள் அதற்கு நாற்பது கிலோமீற்றர் முன்னாலே தொடங்குகிறோம். நடுவிலே நுரைச்சோலை இருக்கிறது. அங்கே 2011இலிருந்து நிலக்கரி எரிகிறது. கப்பலில் வரும் கரி பெல்ட்டில் ஏறி, மணலில் கால் படாமல் உலைக்குப் போகிறது. கரிக்கு அவ்வளவு மரியாதை. லண்டனில் இருக்கும் மச்சான் சொல்கிறான், அங்கே அவசரமில்லாத நோயாளிகளைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்கவே ஆஸ்பத்திரிச் சேவையில் தனி வண்டி இருக்கிறதாம், தகுதி பார்த்து அனுப்புவார்களாம். அமெரிக்காவில் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் இது அறுபதுகளிலிருந்தே உண்டு, 2020 டிசம்பரில் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். வண்டி பிந்தி வருகிறது என்று அங்கேயும் திட்டுகிறார்களாம். பிந்தி வர ஒரு வண்டி இருப்பதே ஒரு பாக்கியம்.

உம்மாவைப் பார்க்க ஆட்கள் வருவது குறையவில்லை. நோயாளியைப் பார்ப்பது நன்மை. பிஸ்கட் பக்கற்றோடு வருகிறார்கள், வாகனத்தோடு வருவதில்லை. ஒருநாள் ஜனாஸா ஒன்று வீட்டைக் கடந்து போனது. சந்தூக்கைத் தொட்டு நாலு அடியாவது தூக்க முண்டியடித்தார்கள். உம்மா யன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பார், மவுத்தானா தோள் கொடுக்க இவ்வளவு சனம். எனக்கு வியாழக்கிழமை கிளினிக், ரெண்டு பேர் போதும்."

சரி, சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேருக்கு அதே நாளில் கிளினிக். சேர்ந்து ஒரு வேன் பிடிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். யார் முன்சீற்றில் இருப்பது என்பதில் அது கொஞ்சம் சூடாகியிருக்கிறது. வேன்காரத் தம்பியிடம் பேசினேன். சீசன்தான், ஆனாலும் யோசித்தார்.

"நானா, வெள்ளக்காரங்க எட்டு மணிக்குத்தான் எழும்புவாங்க. விடியக் காலத்தால நாலு மணிக்கு ஏத்துறன். நம்பரும் முன்னுக்கு எடுக்கலாம்."

நல்ல யோசனை. இரண்டு வழிக்கும் பேசி ஹயரையும் முடித்தோம். போகும்போது திரும்பி நின்றார்.

"ஆனா நானா, பத்து மணிக்கு முன்னுக்கு உம்மாவக் கொண்டுவந்து வீட்ட இறக்கணும். அதுக்குப் பிறகு எனக்கு ஹயர் இருக்கு."

உள்ளேயிருந்து உம்மா குரல் கொடுத்தார்:

"அதப் போய் டொக்டர்ட்ட சொல்லு."