லைவ் அண்ணன்

ஏலகிரிக் கோடை விழாவில் மேடைக்கு எதிரே போடும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முதல் வரிசை அதிகாரிகளுக்கு. அடுத்த வரிசை அவர்கள் வீட்டாருக்கு. அதற்கடுத்தது, முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் என்று தங்களை நினைத்துக்கொள்பவர்களுக்கு. நாற்காலியே இல்லாத இடம் ஒன்று உண்டு. வலப்பக்க ஸ்பீக்கருக்கும் மிக்ஸர் மேசைக்கும் நடுவே, ஒயர்கள் ஓடுகிற இரண்டடி மண். அது லைவ் அண்ணனுக்கு. யாரும் ஒதுக்கித் தந்ததில்லை. சவுண்டு சர்வீஸ் பையன்கள் ஒருமுறை விரட்டிப் பார்ப்பார்கள். நகர மாட்டார். "தம்பி, ட்ரபுள் தூக்கலா கீது, கொஞ்சம் கொற" என்பார். குறைத்தால் நிஜமாகவே நன்றாக இருக்கும். அந்த நிமிஷத்திலிருந்து இரண்டடி மண்ணுக்கும் அவருக்குப் பட்டா.

பிழைப்புக்கு ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் அசார்ட்டர். மேசையில் தோலை விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். உண்ணி கடித்த வடு, முள் கீறிய கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாம் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். இது ஒன்றாம் தரம், இது மூன்றாம் தரம் என்று அடுக்கு அடுக்காகப் பிரித்துப் போடுவார். வடு இருந்தால் தோலின் விலை இறங்கும். பகலெல்லாம் குறை கண்டுபிடித்து விலையை இறக்கிய அதே மனுஷன், சாயங்காலம் கச்சேரியில் குறை கண்டால் விலையை ஏற்றுகிறார். இந்த விசித்திரத்துக்காகத்தான் அவரைப் பற்றி எழுதவே தோன்றியது.

பாடகர் சரணத்தில் வரி மறந்து 'லலலா' போட்டுச் சமாளித்தால் கூட்டம் சிரிக்கும். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். தபலாக்காரர் தாளத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு, இரண்டு சுற்று தேடி, கடைசியில் பல்லவி எடுப்பில் வந்து சரியாக விழுந்தால், அண்ணனுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் சரி, தொடையில் ஓங்கி ஓர் அடி விழும். ஒரு முறை பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டய்யாவின் தொடையில் விழுந்தது. ஏட்டய்யா கோபித்துக்கொள்ளவில்லை. "ஏன், இன்னா ஆச்சு?" என்றுதான் கேட்டார். "வழி தப்பிட்டான் சார், திரும்பி வந்துட்டான்!" என்றார் அண்ணன். காணாமல் போன குழந்தை கிடைத்துவிட்டதாக ஏட்டய்யா எடுத்துக்கொண்டு, மைக்கில் அறிவித்த செய்தி எது என்று விசாரிக்கப் போய்விட்டார்.

நம் ஊரில் மெல்லிசைக் குழுவுக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு, "அப்படியே ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு" என்பதுதான். இடையிசையில் அந்தப் புல்லாங்குழல் துணுக்கு இம்மி பிசகாமல் விழுந்தால் விசில் பறக்கும். கொஞ்சம் மாறினால், "கீபோர்டு புதுசு போல" என்று பின்வரிசையில் தீர்ப்பு வந்துவிடும். அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். "ரெக்கார்டு மாதிரி வேணும்னா வூட்ல ரெக்கார்டையே கேட்டுகினு கெட. பதினாலு வளைவு ஏறி இன்னாத்துக்கு வந்த?"

அந்தப் பதினாலு கொண்டை ஊசி வளைவுகளும் அவர் கதைகளுக்கு அளவுகோல். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்த வளைவுகள். பொன்னேரியில் பஸ் மலையேறத் தொடங்கும்போது ஒரு கச்சேரிக் கதை ஆரம்பமாகும். பாரி வந்து, காரி வந்து, ஓரியும் தாண்டும். கதையில் இன்னும் பாடகர் மேடைக்கே வந்திருக்க மாட்டார். பக்கத்து சீட்டில் மாட்டியவர் புதுமாப்பிள்ளை என்றால் பாவம்.

எஸ்.பி.பி. என்றால் உயிர். மேடையில் ஒரு சிரிப்பைச் சேர்ப்பார், ஒரு சங்கதியைக் கூட்டுவார், தெரிந்த பாட்டையே தெரியாத பாட்டாக்குவார் என்பதற்காக. 2020 செப்டம்பரில் அவர் போனபோது மூன்று நாள் அண்ணன் பாட்டே கேட்கவில்லை. இளையராஜா விஷயத்தில் மட்டும் சிக்கல். எழுதிக் கொடுத்த ஸ்வரத்தை அப்படியே வாசிக்க வேண்டும் என்பது ராஜாவின் கட்சி. பிசகினால் ஆயிரக்கணக்கான பேர் முன்னாலேயே பாட்டை நிறுத்தி, முதலிலிருந்து எடுக்கச் சொல்வார். அண்ணன் கொள்கைப்படி இது அடுக்காது. ஆனால் ராஜாவை விட்டுக்கொடுக்கவும் முடியாது. பல நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்: "நிறுத்துனாரு பாரு, அதான் லைவு. ரெக்கார்டுல நிறுத்துவாரா?"

இவரைக் கிறுக்கு என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. சினிமாப் பாட்டு வந்து நம் காதைப் பழக்குவதற்கு முன்னால் நாமெல்லோரும் லைவ் அண்ணன்களாகத்தான் இருந்தோம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சீவாளியை வாயில் வைத்துத் தோடியை எடுக்கும்போது, "போன திருவிழாவில் வாசித்த மாதிரியே வேணும்" என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிக் கேட்டிருந்தால் அவர் வாசித்திருப்பாரா என்பது வேறு விஷயம். ராகம் தானம் பல்லவியில் பல்லவி ஒரு வரிதான். மீதியெல்லாம் அன்றைக்கு மனசு போகிற வழி. இந்த வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் விடியவிடியப் பேசுவதில் எத்தனை வரி எழுதி வைத்தது? தர்காக்களில் கவ்வாலி நடக்கும் இரவில் ஓர் அடியைப் பிடித்துக்கொண்டு இருபது தடவை திருப்பிப் பாடுவார்கள். இருபதும் இருபது விதம். கேட்கிறவர் யாராவது உருகி எழுந்துவிட்டால் அடுத்த அடிக்குப் போகவே மாட்டார்கள். அண்ணன் இதில் எதையும் விடுவதில்லை. வாணியம்பாடி முஷாயிராவில் உருது பாதி புரியாமலே, "முகர்ரர்!" என்று மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கும் முதல் குரல் பல நேரம் இவருடையதாக இருக்கும். மெல்லிசையில் 'ஒன்ஸ் மோர்' கேட்பதற்கும் அதே காரணம். "மொத தடவ கூட்டத்துக்குப் பாடுனான். ரெண்டாவது தடவ அவனுக்காவப் பாடுவான்."

அவருடைய அக்கா மகன் ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் வேலையாக அமெரிக்கா போய் வந்தவன். அவன்தான் ஒரு நாள் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு குழு. 1965ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. 1995ல் ஜெர்ரி கார்சியா இறக்கும் வரை 2,000க்கும் மேற்பட்ட மேடைகள். ஒரே பாட்டு ஒரு ராத்திரி பத்து நிமிஷம் போகும், இன்னொரு ராத்திரி அரை மணி போகும். எங்கே முடியும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது. ரசிகர்கள் வேனில் குடும்பம் நடத்திக்கொண்டு ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள். டெட்ஹெட் என்று அவர்களுக்குப் பெயர். பதிவு செய்ய வருபவர்களைக் குழு விரட்டவில்லை; 1984ல் அவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் பிரித்துக் கொடுத்தது.

அண்ணன் தேங்காய் பன்னைக் கீழே வைத்தார். "எங்கடா எடம் குடுத்தாங்க? மிக்ஸர் பக்கத்துலயா?"

"அதுக்குப் பின்னாடி, மாமா."

"பரவால்ல."

1977 மே 8ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் வாசித்த கச்சேரியின் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே தேசியச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது என்று மருமகன் சொன்னபோது, அண்ணன் முகத்தில் வந்த பெருமிதத்தைப் பார்க்க வேண்டும். தனக்கே பத்மஸ்ரீ கிடைத்த தோரணை. போதாக்குறைக்கு, அந்தக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991ல் போட்ட 'பிளானெட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேன் தபலாவோடு நம் விக்கு விநாயகராமின் கடமும் இருக்கிறது, அதற்கு கிராமி விருதும் கிடைத்தது என்று அவன் சேர்த்துச் சொன்னான். அன்றிலிருந்து அண்ணன் கலிபோர்னியாவை ஜோலார்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் கணக்காகவே பேசிவருகிறார். அவர்கள் பாட்டைப் போட்டுக் காட்டியபோது மட்டும் நான்கு நிமிஷம் கேட்டுவிட்டு, "மேளக்காரன் நல்லாப் பண்றான். பாடுறவருக்குச் சளி போல" என்றார்.

அவரிடமும் பதிவுகள் உண்டு. பரண் மேல் பிரிட்டானியா டின்களில் டிடிகே 90 கேசட்டுகள். மேலே பால்பாயின்ட் பேனாவில் ஊர், தேதி, ஒரு குறிப்பு: 'மழை'. 'தபலா புதுப் பையன்'. 'எம்.எல்.ஏ. லேட்டு'. ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். அந்த நாற்பத்தைந்தாவது நிமிஷம் சொல்லி வைத்தாற்போல் கச்சேரியின் மிகச் சிறந்த இடத்தில்தான் வரும். கேசட்டைத் திருப்பிப் போடுகிற அந்தச் சில நொடிகள் இந்த உலகத்தில் எங்கேயும் பதிவாகவில்லை, தன் நெஞ்சில் மட்டும்தான் இருக்கிறது என்பார்.

இப்போதெல்லாம் எவ்வளவு நல்ல கச்சேரியானாலும் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். சட்டம் அது. கோடை விழாவில் பேச்சுகள் முடிந்து பாட்டு ஆரம்பிக்கவே நேரமாகிவிடும். கடைசிப் பாட்டில் தபலாவும் டோலக்கும் ஒன்றையொன்று சீண்டத் தொடங்கும்போது ஒலிபெருக்கிக்கு நேரம் முடியும். அண்ணனின் பஸ்ஸுக்கும் அதே நேரம்தான். பஸ் போய்விடும். சவுண்டு சர்வீஸ் வண்டியில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இறங்குவார். பத்து மணி ஆனதும் மைக்கை அணைத்த பிறகு அந்த டோலக்காரன் துணியால் தோலைத் துடைத்தபடி மெதுவாக ஒரு தட்டுத் தட்டினானே, அதுதான் அன்றைய கச்சேரி என்று வண்டி ஓட்டுகிறவரிடம் நிரூபித்துக்கொண்டே வருவார்.

அவருடைய மகா கச்சேரி ஒன்று உண்டு. அத்தனாவூரில் ஒரு வருஷம், பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்டு போனது. ஜெனரேட்டர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். கீபோர்டு செத்தது, பேஸ் கிதார் செத்தது, ரிதம் பேடு செத்தது. தபலாக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. பாடகர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையால் பாடினார். நான் முதலில் கேட்டபோது இது ஏழு நிமிஷம் நடந்தது. பேரணாம்பட்டுக் கல்யாணத்தில் கேட்டபோது பன்னிரண்டு. போன தீபாவளிக்கு இருபது நிமிஷத்தைத் தொட்டு, கீரவாணியில் தொடங்கி வேறு ஏதோ ராகத்துக்கும் போய் வந்திருந்தது.

மருமகன் அந்த டின்களைக் கீழே இறக்கி, கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்தான். அண்ணனுடைய டேப் ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது. கரண்டு போனது அதற்குத் தெரியாது. எல்லாமே பதிவாகியிருந்தது. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். கரண்டு போனதிலிருந்து வந்தது வரை இரண்டு நிமிஷம் நாற்பது நொடி. ஒரு குழந்தை அழுகிறது. "ஜெனரேட்டர் எங்கய்யா?" என்று யாரோ கத்துகிறார். தபலா தூரத்தில் எங்கேயோ கேட்கிறது. பாடகர் சுத்தமாகக் கேட்கவில்லை. மீதி முழுக்க மைக்குக்குப் பக்கத்திலேயே ஒரே குரல்: "வுடாத! வுடாத! அப்படித்தான்... வுடாத!"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மருமகன் நேரம் ஓடுகிற எண்ணைத் திரையில் காட்டி, "ரெண்டே முக்கால்கூட இல்ல, மாமா" என்றான்.

 அண்ணன் கொஞ்சமும் கலங்கவில்லை. தோலைத் தரம் பிரிக்கும் அதே நிதானத்தோடு அவனைப் பார்த்தார்.

"எத்தினி வருசம் பரண் மேல காஞ்சுது, மாப்ள. தோலே காஞ்சா சுருங்குது. டேப்பு சுருங்காதா?"