ஆர்க் ஏன் சாய்கிறது?

கே: டி.சி. மெஷினில் வெல்டிங் வைக்கும்போது, தகட்டின் ஓரத்துக்குப் போனாலே ஆர்க் உள்பக்கம் சாய்கிறதே, ஏன்?
(பட்டறைக்காரர், துறையூர்)

ப: குற்றம் உங்கள் கையில் இல்லை, காந்தத்தில் இருக்கிறது! ராடுக்கும் இரும்புக்கும் நடுவே எரிவது பிளாஸ்மா, அதாவது மின்சாரம் பாயும் அளவுக்குச் சூடேறிய வாயு. அதில் ஓடும் மின்சாரம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். காந்தக் கோடுகளுக்குக் காற்றைவிட இரும்பில் ஓடுவதுதான் சுலபம். ஓரத்தில் இரும்பு தீர்ந்ததும் நெருக்கியடித்துக்கொண்டு ஆர்க்கை உள்ளே தள்ளிவிடும். ஆர்க்கைக் குட்டையாகப் பிடியுங்கள், எர்த் கிளாம்பை இடம் மாற்றிப் பாருங்கள். ஏ.சி.க்கு மாறினால் தொல்லை வெகுவாகக் குறையும்.

உங்களை வாட்டும் இதே காந்த விசைதான், காந்திநகரில் 1989இல் தொடங்கிய ‘ஆதித்யா’ டோகமாக் என்ற அணு இணைவு ஆய்வுக் கருவியில், பல லட்சம் டிகிரி பிளாஸ்மாவைச் சுவரில் ஒட்டவிடாமல் விலக்கிப் பிடித்தது. இன்னும் சந்தேகமா? பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் நம் திருச்சியிலேயே இருக்கிறது.