காய் கொள்வார் இலக்கணம்

தென்சென்னையில் காய்கறி வாங்குவோரை ஏழை, பணக்காரர் என்று பிரிப்பது பாமர வழக்கு. ஆய்ந்து நோக்கின் அவர்களைப் பிரிப்பது கை ஒன்றே. தொட்டுக் கொள்வோர், தொட அவகாசமில்லாதோர், தொடாமலே பெறுவோர் என மூவகைப்படுவர். காயைக் குற்றம் சொல்ல இடமில்லை. 1996இல் மொத்த வியாபாரம் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. மயிலாப்பூர் வெண்டையும் அடையாறு வெண்டையும் பெரும்பாலும் அங்கிருந்தே புறப்படுகின்றன. வேறுபாடெல்லாம் வாங்குபவரிடம்தான்.

தொட்டுக் கொள்வோருக்குத் தலைநகரம் மயிலாப்பூர் தெற்கு மாட வீதி. இவர்கள் ஒடிப்போர், தட்டுவோர், நகம் பதிப்போர் என மேலும் விரிவர். வெண்டையின் முனை பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். முற்ற முற்ற நார் ஏறும் என்பதால் இது கலப்பில்லாத விஞ்ஞானம். தட்டுவோர் தேங்காயைக் காதருகே ஆட்டித் தண்ணீர் அலம்புகிறதா என்று கேட்பர், பிறகு தட்டுவர், பிறகு கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பர். கைக்கு வந்த முதல் தேங்காயை அப்படியே பையில் போடுபவர் இவ்வகையில் சேரார். நகம் பதிப்போருக்குரிய பொருள் சுரைக்காய். மாலை ஆறு மணிக்குக் கடையில் கிடக்கும் சுரைக்காயைப் பார்த்தால் அன்று எத்தனை பேர் வந்து வாங்காமல் போனார்கள் என்று கணக்கெடுத்துவிடலாம்.

ஒடிப்பதற்கு எல்லை உண்டா என்பது இத்துறையின் தீராத வழக்கு. “மாமி, பாதிக் கூடைய நீங்க ஒடச்சிட்டீங்க, மீதிய நானே ஒடச்சுத் தந்துடவா?” என்று கடைக்கார அம்மா கேட்டதற்கு, “பிஞ்சா வெச்சிருந்தா நான் ஏன் ஒடிக்கப் போறேன்?” என்று பதில் வந்தது. இரண்டு வாதமும் செல்லும்.

இந்த வட்டாரத்தில் காயைப் பிரிக்கும் முறையும் தனி. நாட்டுக் காய், இங்கிலீஷ் காய் என இரண்டு. கேரட், பீன்ஸ், கோஸ், உருளை ஆகியவை தினசரி இலையில் எத்தனை முறை வந்தாலும் தெவசத்தன்று வாசலோடு சரி. வாழைக்காய், பாகல், புடலை, சேப்பங்கிழங்கு உள்ளே வரலாம். மிளகாய் கூடாது, மிளகுதான். உருளையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு என்பதைப் பிறர் புத்தகத்தில் படிக்க வேண்டும். மயிலாப்பூரில் தெவசப் பட்டியலைப் பார்த்தாலே போதும். அளவையிலும் அப்படியே. நாடு முழுவதும் கிலோவும் லிட்டரும் என்று 1956இல் சட்டம் வந்தது. பங்குனியில் மாட வீதிக்கு வரும் மாவடு இன்றும் படியில் அளந்து கொட்டப்படுகிறது. சட்டம் மாவடுவைக் கவனிக்கவில்லை போலும்.

தொட அவகாசமில்லாதோர் தியாகராய நகரைச் சேர்ந்தவர், துல்லியமாகச் சொன்னால் மாம்பலம் ஸ்டேஷனைச் சேர்ந்தவர். எலக்ட்ரிக் டிரெயினிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் உரித்த சின்ன வெங்காயம், நறுக்கிய வாழைத்தண்டு, ஆய்ந்த கீரை என்று பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவர். வாழைப்பூவில் கள்ளன் எடுக்க நேரமில்லாதவரிடம் இலக்கணம் பேசுவது பாவம். இவர்களை விட்டுவிடுவோம்.

அடையாறு வகையினர் வகைப்பாட்டுக்கே தொல்லை. பழமுதிர் நிலையத்தில் தள்ளுவண்டியோடு நின்று காயைத் தொடுகிறார்கள், பொறுக்குகிறார்கள், ஆனால் யாரிடமும் ஒரு சொல் பேசுவதில்லை. விலை ஒட்டியிருக்கிறது, எடை மெஷின் சொல்கிறது, பில் தானாக வருகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிப்பது இவர்களுடைய தட்டிப் பார்த்தல். ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவிப்பதற்கு வெகு முன்பே, தாத்தா வேண்டாமென்று ஒதுக்கிய வரகைப் பேரன் பொன்னி அரிசியைவிட அதிக விலைக்கு வாங்கியது இங்கேதான்.

தொடாமலே பெறுவோர் எங்கும் உளர். ஆப்பில் சொன்னால் சில நிமிடத்தில் காய் வாசலுக்கு வரும். முற்றல் வெண்டையானால் போட்டோ எடுத்து அனுப்பினால் பணம் திரும்பி வரும். சண்டைக்கு ஆள் கிடையாது.

இனி கொசுறு. ஒரு கொத்து கறிவேப்பிலை, நாலு காம்பு கொத்தமல்லி. கேட்டுப் பெறுவோர், கேளாமல் பெறுவோர், கேட்டும் பெறாதோர் என மூவர். கேளாமலே யார் பையில் விழுகிறதோ அவர்தான் வீதியில் உயர்ந்தவர். பல வருஷம் ஒரே கடையில் ஒடித்து, பேரம் பேசி, கோபித்துக்கொண்டு போய் மறுநாளே திரும்பி வந்தால் அன்றி அந்தப் பதவி வாய்க்காது. இதைப் பல காலம் அறியாதிருந்தது ஆப் உலகம். 2024 மே மாதம் மும்பைக்காரர் ஒருவர், கொத்தமல்லிக்குத் தனியாகக் காசு கேட்கிறார்களே என்ற தன் தாயாரின் ஆதங்கத்தை எக்ஸ் தளத்தில் எழுதினார். பிளிங்கிட் ஆப்பின் தலைவர் அல்பிந்தர் திந்த்சா உடனே காய்கறியோடு கொத்தமல்லியை இலவசமாகச் சேர்த்தார். கம்ப்யூட்டரும் கொசுறு போடத் தொடங்கியது இப்படித்தான். ஆயினும் அது கேளாமல் எல்லாருக்கும் விழுவதால், மேற்சொன்ன பதவியோடு இதைச் சேர்த்து எண்ணுவதற்கில்லை.

புறனடையாக ஓர் இனம்: ஏவலின் கொள்வோர். மனைவி எழுதித் தந்த சீட்டோடு வந்து, அவரைக்காய் எது, கொத்தவரை எது என்ற ஐயத்தில் வீடியோ கால் போட்டு, போனைக் குவியலின் மேல் பிடித்து நிற்கும் கணவர்மார். கண் வீட்டில், கை கடையில் என்பதால் எந்த வகையிலும் அடங்கார். கடைக்கார அம்மாக்கள் இவர்களிடம் இரக்கம் காட்டுகிறார்கள்: “குடு சார், நான் பேசிக்கிறேன்” என்று போனையே வாங்கிக்கொள்வார்கள்.

வாசகர்களில் ஒடிப்போர் இருந்தால் ஒரு விண்ணப்பம். ஒடித்தது பிஞ்சோ முற்றலோ, அதை உங்கள் தட்டிலேயே போடுங்கள். முனை ஒடிந்த வெண்டைக்காயை அடுத்த மாமி தொடமாட்டார்.