செல்போன் சித்தப்பா

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு செல்போன் சித்தப்பா உண்டு. சில வீடுகளில் அவர் மாமாவாக இருப்பார். சில வீடுகளில் மூத்த மாப்பிள்ளை. பார்க்கிற வேலைக்கும் இந்தப் பதவிக்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் சித்தப்பா கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதுகிறவர். ஆனால் சொந்தத்தில் யார் போன் வாங்குவதென்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். கேட்காமல் வாங்கிவிட்டால், கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ம்... பரவாயில்லை" என்பார். அதற்குப் பிறகு அந்தப் போனை யாரும் நிம்மதியாக வைத்துக்கொண்டதில்லை.

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அத்தைக்கு 78 வயது. அவரிடம் இருந்தது நோக்கியா 1100. 2003-ல் வந்து, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன். உச்சந்தலையில் டார்ச் இருக்குமே, அதேதான். அத்தையைப் பொறுத்தவரை அது ஒரு டார்ச் லைட். அதில் பேசவும் முடியும் என்பது கொசுறு. பேரன் லீவுக்கு வந்தவன், செலவு மிச்சம் என்று நம்பரை ஜியோவுக்கு மாற்றிவிட்டுப் போனான். ஜியோவில் 2ஜி கிடையாது. 1100-க்கு 2ஜியை விட்டால் வேறெதுவும் தெரியாது. போன் ஊமையாகி, டார்ச் மட்டும் எரிந்தது. சித்தப்பா களத்தில் இறங்கினார்.

சென்னை ரிச்சி தெருவுக்கு நடையாய் நடந்தார். பத்துப் பொருத்தம் பார்ப்பது போல ரேம், பிராசஸர், பேட்டரி எல்லாம் பார்த்தார். பெண்ணைத்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அக்காவுக்குக் கண் மங்கல், திரை பெரிசா இருக்கணும்" என்று கடைசியில் உள்ளங்கையில் அடங்காத ஒரு ஸ்மார்ட்போனோடு ரயிலேறினார்.

முதல் சிக்கல், அது அத்தையின் சுருக்குப்பைக்குள் நுழையவில்லை. வெற்றிலை, சீவல், சில்லறை, 1100 எல்லாம் ஒன்றாகக் குடியிருந்த பை அது.

அடுத்தது, பாடம். செல்போன் சித்தப்பாக்கள் பாடம் நடத்தும் முறை நாடெங்கும் ஒன்றே. போனைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, விரலை மின்னல் வேகத்தில் ஓட்டி, "பாத்தியாக்கா, அவ்வளவுதான்" என்பார்கள்.

"எவ்வளவுடா?" என்றார் அத்தை.

அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தை அழுத்தக் கூடாது, இழுக்க வேண்டும். 78 வருஷமாக அழைப்பு மணியிலிருந்து ஓட்டு இயந்திரம் வரை அழுத்தியே பழகிய விரல் அது. அத்தை அழுத்தினார், மணி அடித்து ஓய்ந்தது. வயதானவர்களின் காய்ந்த விரலைத் தொடுதிரை சில சமயம் விரலாகவே மதிப்பதில்லை. அதனால் இன்னும் பலமாக, இன்னும் நீளமாக அழுத்தினார். நீளமாக அழுத்தினால் வேறு கதை தொடங்கும் என்பது நமக்குத் தெரியும். போன் பேசும் படமே திரையிலிருந்து காணாமல் போனது.

சித்தப்பா விடவில்லை. மாமா ரயில்வேயில் இருந்தவர். அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. "நவம்பர்ல பேங்குக்கு அலைய வேண்டாம்க்கா. இதுல முகத்தைக் காட்டினா உயிர்வாழ் சான்று போயிடும்." வசதி உண்மைதான், 2021-லிருந்து இருக்கிறது. அத்தை அசரவில்லை. "எழுபது ரூபா குடுத்தா போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து விரலை வச்சு வாங்கிட்டுப் போறான். காபி குடிச்சுட்டு நாலு ஊர்க்கதையும் சொல்றான். இது சொல்லுமா?"

அடுத்த நடையில் முதியோருக்கென்றே செய்த பட்டன் போன் வந்தது. 4ஜி, கொட்டை எழுத்து, தெருமுனை வரை கேட்கும் மணி, டார்ச். முதுகில் ஒரு சிவப்புப் பொத்தான்: ஆபத்தென்றால் அழுத்த வேண்டும், சங்கு ஊதி, பதிந்து வைத்த ஐந்து எண்களையும் வரிசையாகக் கூப்பிடும். அத்தைக்குப் பிடித்துவிட்டது. பையிலும் அடங்கியது. நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஐந்து எண்கள் யார் யாருடையவை? கல்யாணப் பத்திரிகையில் பேர் போடும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூத்தவன் என்பதால் முதலிடம் சிங்கப்பூர் மகனுக்கு. "செய்யறதெல்லாம் நான், ரெண்டாவது இடமா?" என்று கோயம்புத்தூர் மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது சென்னை மகன். நான்காவது, போன் வாங்கித் தந்த உரிமையில், சித்தப்பா. ஐந்தாவதை எந்த மருமகளுக்குக் கொடுப்பது என்று பேச்சு முற்றி, அதுவும் சித்தப்பாவின் இன்னொரு சிம்முக்கே போனது. அத்தை தடுக்கி விழுந்தால் ஓடிவந்து தூக்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பட்டியலிலேயே இல்லை.

ஒரு பிரதோஷத்தன்று கும்பேஸ்வரர் கோயிலில் அத்தை விழுந்து கும்பிட்டபோது, சுருக்குப்பை நசுங்கியது. தீபாராதனை மணியையும் மீறிச் சங்கு ஊதியது. சிங்கப்பூரில் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்த மகன் தம்பியைக் கூப்பிட, தம்பி அக்காவைக் கூப்பிட, நால்வரில் ஒருவருக்கும் அடுத்தவருடைய லைன் கிடைக்கவில்லை. அர்ச்சகர்தான் போனை வாங்கி, "அம்மா நன்னா இருக்கா. பிரசாதம் வாங்கிண்டிருக்கா" என்றார்.

போன வாரம் அத்தையே சித்தப்பாவைக் கூப்பிட்டார். பட்டன் போனில், நம்பரைத் தானே போட்டு.

"ஏண்டா தம்பி, சிங்கப்பூர்ல கொள்ளுப்பேத்திக்குப் பல்லு முளைச்சிருக்காம். அந்தப் பெரிய போன்ல முகம் தெரியுமாமே. நிஜமா?"

"தெரியும்க்கா."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? ரேமு ராமுன்னு என்னென்னமோ சொன்னியே. எங்கடா அந்தப் போனு?"

அது சித்தப்பாவின் மாமியாரிடம் இருக்கிறது. அவர் அதில் சீரியல் பார்க்கப் பழகிவிட்டார். திருப்பிக் கேட்கும் துணிச்சல் சித்தி உட்பட யாருக்கும் இல்லை. சித்தப்பா மறுபடி ரிச்சி தெருவில் நிற்கிறார். இந்தத் தடவை 5ஜி இல்லாமல் வாங்குவதில்லை என்கிறார்.