ஊர் சார்பில் கையெழுத்து யார்?

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே, சிறுநகரக் கல்லூரி ஒன்றின் செய்தி தவறாமல் இருக்கும். நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) சார்பில் மரக்கன்று நடும் விழா. தாளாளர் தலைமை தாங்கினார். செயலர் முன்னிலை வகித்தார். முதல்வர் வரவேற்றார். நிர்வாக அலுவலரும் துறைத்தலைவர்களும் வாழ்த்திப் பேசினர். திட்ட அலுவலர் நன்றி கூறினார். மாணவ மாணவியர் திரளாகக் கலந்துகொண்டனர். இதில் மரக்கன்று எங்கே என்று தேடினால் தலைப்பில் மட்டும் இருக்கும். என்ன கன்று, எத்தனை, எந்தத் தெருவில், யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதற்கெல்லாம் இடமில்லை. இந்தச் செய்தியை எழுதுவது அநேகமாகத் தமிழ்த்துறையின் இளைய உதவிப் பேராசிரியர். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், மாலை நாலு மணிக்குள் நிருபருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாக வேண்டும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. செயலரின் பெயர் விட்டுப்போனால் மறுநாள் காலையில் அவருக்கு அழைப்பு வரும். மரக்கன்று விட்டுப்போனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். கேட்பார் உள்ளது செய்தியில் ஏறுகிறது, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு விளம்பர மோகம் என்று சிரித்துக் கடந்துபோவது சுலபம். விளம்பர மோகம் கல்யாண வீட்டிலும் உண்டு, இழவு வீட்டிலும் உண்டு. கல்லூரிக்கு மட்டும் அது கூடாது என்று சட்டம் போட முடியாது. என் வழக்கு வேறு. சிறிய கல்லூரிகள் ஊரோடு சேர்ந்து செய்வதாகச் சொல்லும் காரியங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கணக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே எழுதப்படுகிறது. செய்தவரே எழுதி, செய்தவரே சரிபார்த்து, செய்தவரே கோப்பில் போட்டுவிடுகிறார். பெற்றுக்கொண்டதாகச் சொல்லப்படும் ஊரிடம் அந்தக் கணக்கின் நகல்கூட இல்லை. மளிகைக்கடைப் பற்று வரவில்கூட கடைக்காரர் நோட்டில் ஒன்றும் நம் கையில் சின்ன நோட்டு ஒன்றும் இருக்கும்.

இந்த ஒருபக்கக் கணக்குக்குப் பின்னால் ஒரு பெரிய மேஜை இருக்கிறது. பெங்களூரில் 1994இல் தொடங்கப்பட்ட தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழுவை நாம் செல்லமாக நாக் என்கிறோம். நாக் வருகிறது என்றால் கல்லூரிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஏழு அளவுகோல்கள், மொத்தம் ஆயிரம் மதிப்பெண். மூன்றாவது அளவுகோலில் ஆய்வோடு விரிவாக்கப் பணியும் வெளியாருடன் கூட்டுப்பணியும் வருகின்றன. 2017இல் முறையை மாற்றியபோது மதிப்பெண்ணில் பெரும்பகுதியை எண்களுக்கும் ஆவணங்களுக்கும் ஒதுக்கினார்கள். நல்ல நோக்கம்தான். வந்த குழுவுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி மதிப்பெண் வாங்கிய காலத்தை விட இது மேல். ஆனால் எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர், எத்தனை ஒப்பந்தம் என்ற கேள்விகளுக்கு எண்ணிக்கைதான் விடை. எண்ணிக்கை வேண்டுமென்றால் நிகழ்ச்சி சிறுத்துப் பெருக வேண்டும். காலையில் தூய்மை விழிப்புணர்வு, பதினோரு மணிக்கு நெகிழி ஒழிப்பு, மதியம் டெங்கு. மூன்றும் ஒரே தெரு, ஒரே மாணவர்கள், ஒரே வேன். பேனர் மட்டும் மூன்று.

அந்தப் பேனரைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸ். மேல்வரிசையில் நிறுவனர், தாளாளர், செயலர் ஆகியோரின் வட்டப் படங்கள், நடுவில் கல்லூரிச் சின்னம், ஓரத்தில் கொனாரக் சக்கரம் போட்ட என்.எஸ்.எஸ். முத்திரை. அதை இரண்டு மாணவர்கள் பிடித்திருப்பார்கள். நமக்குத் தெரிவது அவர்களின் விரல்களும் செருப்பும்தான். பின்னால் ஊர் இருக்க வேண்டும், பேனர் மறைத்துக்கொண்டிருக்கிறது. படத்தின் அடியில் கருப்புப் பட்டை. அதில் தேதி, மணி, அட்சரேகை, தீர்க்கரேகை, ஊர்ப்பெயர். இடக்குறியோடு கூடிய படம்தான் செல்லும் என்பதால் திட்ட அலுவலர்கள் எல்லோர் கைப்பேசியிலும் இதற்கென ஒரு செயலி குடியிருக்கிறது. பூமிப் பந்தில் அந்தப் புள்ளியில் அந்த நொடியில் ஒரு பேனர் நின்றது என்பதற்கு விண்வெளியிலிருந்தே சாட்சி கிடைத்துவிடுகிறது. பேனரைச் சுருட்டியபின் அங்கே என்ன நின்றது என்பதற்குச் சாட்சி இல்லை.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் படம் இதற்கு ஒரு படி மேல். இரண்டு பெரியவர்கள் ஒரு கோப்பின் இரு முனைகளைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று கடைசிவரை தெரியாது. கோவையிலோ சென்னையிலோ இருக்கும் மென்பொருள் நிறுவனத்தோடு ஒப்பந்தம். அடுத்த வாரம் இன்னொரு கல்லூரியோடு. அதன்பின் யோகா மையத்தோடு. நாக் சாமர்த்தியமாக, செயல்பாட்டில் உள்ள ஒப்பந்தங்கள் எத்தனை என்றுதான் கேட்கிறது. அந்தக் கேள்வியே பல கதை சொல்லும். செயல்படாதவை நிறைய என்று கேட்பவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை அந்த ஒப்பந்தத்தின் பேரில் ஒரு சிறப்புரை நடக்கும், இணையவழியில். இதற்கிடையே கல்லூரி வாசலிலேயே கூட்டாளிகள் இருக்கிறார்கள். ஹால் டிக்கெட்டை ராத்திரி ஒன்பது மணிக்குக் கடை திறந்து எடுத்துத் தரும் ஜெராக்ஸ்காரர், மாதக் கடைசியில் டீக்குக் கணக்கு எழுதிக்கொள்ளும் டீக்கடைக்காரர், கடைசி மணி அடிக்கும்வரை வண்டியை உருட்டிக்கொண்டே நிற்கும் மினி பஸ் ஓட்டுநர். இவர்களோடு கல்லூரிக்கு உள்ள உறவு ஒருநாள் நின்றால் பருவத்தேர்வே ஆட்டம் கண்டுவிடும். ஒருவரோடும் ஒப்பந்தம் கிடையாது.

தத்தெடுப்பு விவகாரம் இன்னும் சுவையானது. கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டோடு இருக்கும் ஊரை, 1998இல் பிறந்த கல்லூரி தத்தெடுக்கும். பிள்ளை அப்பனைத் தத்தெடுத்த கணக்கு. அதோடு முடிவதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கிராமங்களைத் தேர்ந்தெடுக்கும் மாதிரி கிராமத் திட்டம் 2014 அக்டோபரில் வந்தது. உயர்கல்வி நிறுவனங்கள் கிராமங்களை எடுத்துக்கொள்ளும் உன்னத் பாரத் அபியான் அடுத்த மாதமே வந்தது. பழைய என்.எஸ்.எஸ். தத்துக் கிராமம் ஏற்கெனவே உண்டு. பஸ் நிற்கும் வசதியான ஊராக இருந்தால் வங்கியும் ரோட்டரியும்கூட ஆசைப்படும். அதிர்ஷ்டமுள்ள ஊருக்கு அரை டஜன் வளர்ப்புப் பெற்றோர். ஒவ்வொருவரும் வந்து வீடு வீடாகக் கணக்கெடுப்பார்கள்: எத்தனை பேர், என்ன படிப்பு, கழிப்பறை உண்டா, அடுப்பு எது. ஊர்ப் பாட்டிகளுக்குக் கேள்வி வரிசை மனப்பாடம். எழுதி முடிக்குமுன் அடுத்த பதிலைச் சொல்லிவிடுவார்கள். சிறுநகரக் கல்லூரியில் இன்னொரு விசேஷம், கேட்கும் மாணவனே அந்த ஊர்க்காரனாக இருப்பான். சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்படி என்று சொந்தப் பாட்டிக்கே அவன் செயல்விளக்கம் காட்ட வேண்டிவரும். அவனுக்குக் கழுவிவிட்டவள் அவள்.

மரக்கன்றுக்கு வருவோம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். கன்று நட வேண்டிய காலம் அதுதான் என்று தோட்டக்காரர் யாரும் சொல்வார். கல்லூரி நடுவது எப்போது? உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5, உலகக் காடுகள் நாளான மார்ச் 21. என்.எஸ்.எஸ். நடத்தும் ஏழு நாள் சிறப்பு முகாமும் பல கல்லூரிகளில் பொங்கலுக்குப் பிறகுதான். அக்டோபர், நவம்பரில் பருவத்தேர்வு. மார்ச்சில் நட்ட வேம்பு ஏப்ரலைத் தாண்டி, மே மாத அக்னி நட்சத்திரத்தைச் சந்திக்கும்போது கல்லூரி விடுமுறையில் இருக்கும். வெயில் விட்டுவைத்ததை ஆடு கவனித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு நடுவதற்குக் குழி தயாராகவே இருக்கும் என்பது ஒன்றுதான் லாபம். சூரியன், மழை, ஆடு மூன்றுக்கும் கல்வியாண்டு நாட்காட்டி அனுப்பிவைக்கப்படவில்லை.

ஆனால் இதே கல்லூரியில், இதே திட்ட அலுவலர், இதே பேனருடன் நடத்தும் ஒரு காரியம் மட்டும் வருஷா வருஷம் ஒழுங்காக நடக்கிறது. ரத்ததான முகாம். அங்கும் தாளாளர் வருவார், படுத்திருக்கும் மாணவனின் கையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பார். ஆனால் அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தவருக்கு அந்தப் படத்தில் அக்கறை இல்லை. எடை நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறைந்தால் எழுந்து போ என்பார், ஹீமோகுளோபின் 12.5 இல்லையென்றால் திட்ட அலுவலரின் சிபாரிசும் செல்லாது. 350 மில்லி பைகளை எண்ணிப் பெட்டியில் வைத்து, தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போவார். கல்லூரி 100 என்று செய்தி கொடுத்தாலும் வங்கியில் 62 என்றால் 62தான். கூட்டு என்பது இது. எதிர்த்தரப்பிடமும் ஒரு நோட்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை, குறையச் சொல்லும் தைரியம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்திலும் இந்தக் குணம் இருந்தது. தொண்டர்கள் வந்து போனதைவிட, கற்றுக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்தது. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்று, தெருவில் ஓட்டிப் போனார்கள். தெருவில் ஓடும் சைக்கிளுக்கு இடக்குறி தேவைப்படவில்லை.

சான்று கேட்கிறார்கள், படம் இல்லாமல் என்ன செய்வது என்பார் முதல்வர். நியாயம். படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்த படத்தை ஊரிடம் காட்டுங்கள் என்கிறேன். இன்னொருவர் சொல்வார்: ஊருக்குப் பயன் குறைவாகவே இருக்கட்டும், மாணவனுக்குப் பயன் உண்டே. இது பலமான வாதம். காந்தி நூற்றாண்டான 1969இல் என்.எஸ்.எஸ். தொடங்கியபோதே, சேவை வழியாக மாணவரின் ஆளுமையை வளர்ப்பது என்றுதான் நோக்கம் சொல்லப்பட்டது. ஏழு நாள் முகாமில் ஐம்பது பேருக்கு உப்புமா கிண்டியவன், அடி பிடிக்கும் வாசனையை எந்தப் பாடத்திட்டத்திலும் அப்படிக் கற்றிருக்க மாட்டான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் ஆசிரியர் ஊர்தானே? பள்ளிக்கூட வராந்தாவையும் குழாயையும் பொறுமையையும் கொடுத்தது ஊர். சால்வை அங்கே போக வேண்டும், கௌரவ விரிவுரையாளர் ஊதியத்தையும் கேட்டால் கொடுக்க வேண்டும். மூன்றாவது வாதம் ஆள் இல்லை, காசு இல்லை என்பது. திட்ட அலுவலருக்கு வகுப்புகள் வேறு, தேர்வுப் பணி வேறு, சேர்க்கை காலத்தில் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கும் பணி வேறு. அதனால்தான் சொல்கிறேன், ஆண்டுக்கு முப்பது நிகழ்ச்சி எதற்கு? ஒரு கண்மாய்க் கரை, இருபது கன்று, மூன்று ஆண்டு போதும். கிராமத்துப் பிள்ளைகளே நிறைந்த சிறிய கல்லூரிக்கு இது பெருநகரக் கல்லூரியைவிடச் சுலபம். விடுமுறையிலும் தண்ணீர் ஊற்ற ஆள் அதே தெருவில் இருக்கிறான்.

எதிர்த்தரப்பு நோட்டை எங்கே தேடுவது என்று கேட்டால், அது ஏற்கெனவே இருக்கிறது. கிராம சபைத் தீர்மானப் பதிவேடு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டத்தைத் தமிழ்நாட்டில் 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறாக்கியிருக்கிறார்கள். கல்லூரி தன் ஆண்டறிக்கையில் அந்த ஊரைப் பற்றிய இரண்டு பக்கத்தை அங்கே எழுந்து நின்று படிக்கட்டும். ஊர் கேட்கட்டும்: போன வருஷம் வைத்த குப்பைத்தொட்டி எங்கே, கணக்கெடுத்தீர்களே என்ன ஆனது, டாக்டர் வருவார் என்றீர்களே. பதிலும் கேள்வியும் பதிவேட்டில் ஏறி, அதன் நகல் நாக் கோப்புக்குப் போகட்டும். சபையில் அரசியல் புகுந்துவிடும், நம்மைக் கண்டபடி பேசுவார்கள் என்று பயப்படலாம். பேசுவார்கள்தான். மாணவர் மன்றத் தேர்தலே நடத்தாத கல்லூரிகளுக்கு அது நல்ல பயிற்சி. பழைய நாலும் விடுமுறை நாள், கொடியேற்றவும் மாலை போடவும் ஆளுக்கு வேலை இருக்கும். நவம்பர் 1 வசதி. மழையும் பெய்திருக்கும், கையோடு கன்றையும் நட்டுவிடலாம். தேர்வு நேரமாயிற்றே என்றால் பத்து மாணவர் போதும், திரளாக வர வேண்டியதில்லை. தாளாளருக்கு நாற்காலி போடுவதா ஜமுக்காளத்திலேயே இடம் தருவதா என்பதை ஊராட்சிச் செயலர் முடிவு செய்துகொள்வார்.